ஒரே ஒரு கைத்துப்பாக்கி... மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது என்ன ரகம்? பெல்ஜியத் தயாரிப்பு செங்கோட்டை இளைஞரிடம் வந்தது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஸ்டேஷன்ல பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் கடைசி ஸ்டாப் செங்கோட்டை. பஸ்ஸில் போனால் அதே மலையடிவார ரோடு சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாய் வழியா புனலூர், கொல்லம் வரைக்கும் போகும். குற்றால சீசனுக்கு வருஷா வருஷம் இந்தப் பக்கத்து ஜனங்கள் போற பாதைதான்.

இந்த ஒரே ரோட்டில்தான் வாஞ்சிநாதனின் மொத்த வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது. பிறந்தது செங்கோட்டை. வேலை பார்த்தது புனலூர். 25 வயதில் உயிரை விட்டது மட்டும் மணியாச்சி ரயில் நிலையத்தில்.

1911 ஜூன் 17ஆம் தேதி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷை சுட்டுக் கொன்றவர் வாஞ்சிநாதன் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் அவர் கையில் இருந்த துப்பாக்கி எப்படிப்பட்டது, அந்தச் சின்ன துப்பாக்கி ஏன், அதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாத கதை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யார் இந்த வாஞ்சிநாதன்?

1886ல் செங்கோட்டையில் பிறந்தவர். அப்பா பெயர் ரகுபதி ஐயர். வீட்டில் வைத்த பெயர் சங்கரன். வாஞ்சி என்பதுதான் ஊரில் நிலைத்த பெயர்.

இன்றைக்கு செங்கோட்டை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலப் பிரிவினையின்போதுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் வாஞ்சி மேல்படிப்புக்குப் போனது திருவனந்தபுரத்துக்கு. வேலை கிடைத்ததும் சமஸ்தானத்தின் காட்டிலாகாவில், புனலூரில். கல்யாணமும் ஆனது. மனைவி பெயர் பொன்னம்மாள்.

சம்பளம் வரும் அரசாங்க உத்தியோகம், குடும்பம், சொந்த ஊர் பக்கத்திலேயே. சாதாரணமா ஒரு மனிதர் இதோடு நின்றுவிடுவார். வாஞ்சி நிற்கவில்லை. அதற்குக் காரணம் தெரியணும்னா 1908க்குப் போக வேண்டும்.

1908ல் நெல்லைச் சீமையில் என்ன நடந்தது?

1906ல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்களின் கப்பல் கம்பெனிக்கு நேரடிப் போட்டி. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

அதே வருஷம் ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், அந்த முதல் தீர்ப்பு ஏற்படுத்திய அதிர்ச்சி குறையவில்லை. தலைவர் ஜெயிலில் செக்கிழுக்கும்போது கப்பல் கம்பெனியும் கொஞ்சம் கொஞ்சமா மூழ்கிப் போனது.

அந்த நேரத்தில் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர்தான் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ். அயர்லாந்துக்காரர். சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்ற கோபம் அப்போதே பரவியிருந்தது. 1910ல் அவரே திருநெல்வேலி கலெக்டர் பொறுப்புக்கு வந்தார்.

இங்கே ஒரு சின்ன தகவல். அன்றைய திருநெல்வேலி மாவட்டம் இப்போது இருப்பது மாதிரி சின்னது இல்லை. ராஜபாளையத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா, சாத்தூர் எல்லாமே அதற்குள்தான் இருந்தது. 1910ல் புதிதா இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் இவை பிரிந்து போயின. பிறகு 1985ல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தன. ஆக 1908 எழுச்சி நடந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அதே நெல்லைச் சீமையின் வடக்கு முனை.

துப்பாக்கி வாங்குவது அவ்வளவு சுலபமா?

இல்லவே இல்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியர்கள் கையில் ஆயுதம் இருப்பதை ஆங்கிலேய அரசு விரும்பவில்லை. வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் கட்டாயம். ஆனால் ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தில், தோல் நிறத்தைப் பார்த்து இரண்டு நியாயம்.

புனலூர் காட்டிலாகாவில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர் கடையில் போய் நவீன கைத்துப்பாக்கி வாங்குவது நடக்கிற காரியமே இல்லை. அப்போ அது எங்கிருந்து வந்தது?

லண்டன், பாரிஸ், புதுச்சேரி... துப்பாக்கி வந்த வழி

திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர், பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனவர். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கர், மதன்லால் திங்ரா ஆகியோரோடு பழக்கம். 1909 ஜூலை 1ஆம் தேதி கர்சன் வைலி என்ற அதிகாரியை திங்ரா லண்டனில் சுட்டுக் கொன்றார். அதற்கு முன் காசு கட்டிப் பழகும் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் குறி பார்க்கக் கற்றிருந்தார்.

அதே வருஷத் தொடக்கத்தில் லண்டனிலிருந்து 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் இந்தியாவுக்கு வந்தன. கொண்டு வந்தவர் சதுர்புஜ் அமீன் என்ற சமையல்காரர். பெட்டியின் அடியில் ரகசிய அறை, அதற்குள் துப்பாக்கிகள். 1909 டிசம்பர் 21ஆம் தேதி நாசிக்கில் நாடகம் பார்க்க வந்த கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹரே என்ற மாணவர் சுட்டது அதில் ஒன்றால்தான். சாவர்க்கர் மீதான வழக்குக்கு முக்கிய அடிப்படையே இந்தத் துப்பாக்கிகள்தான்.

சாவர்க்கர் கைதானதும் ஐயர் லண்டனிலிருந்து தப்பி பாரிஸ் போனார். அங்கே மேடம் காமா இருந்தார். பிறகு மாறுவேடத்தில், கப்பலேறி, 1910 இறுதியில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பாரதியார் ஏற்கனவே அங்கேதான் அடைக்கலம். ஆங்கிலேய போலீஸ் வேவு பார்க்கலாம், ஆனால் உள்ளே புகுந்து கைது செய்ய முடியாது.

மணியாச்சியில் பயன்பட்ட துப்பாக்கி, பாரிஸிலிருந்து புதுச்சேரி வழியாக வந்தது என்றே கருதப்படுகிறது.

சரி, அது என்ன பிரௌனிங்?

பிரௌனிங் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜான் மோசஸ் பிரௌனிங், அமெரிக்காவின் யூட்டா பகுதியில் 1855ல் பிறந்தவர். துப்பாக்கி பட்டறை வைத்திருந்தவரின் மகன். அவருடைய கைத்துப்பாக்கி வடிவமைப்பை வாங்கி, பெல்ஜியத்தின் லீஜ் நகரத்துக்குப் பக்கத்தில் எர்ஸ்டால் என்ற ஊரில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை தயாரித்தது. 1900களின் தொடக்கத்தில் ஐரோப்பா முழுக்க அது பரவிய வேகத்தில், பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்றாலே கைத்துப்பாக்கி என்ற அர்த்தம் வந்துவிட்டது. நம்ம ஊரில் எந்த நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்று சொல்வது மாதிரி.

அதற்கு முன் கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர். சுழலும் உருளையில் குண்டுகள் இருக்கும். பிரௌனிங் செய்தது வேற மாதிரி. குண்டுகள் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தடவை சுட்டதும், அந்த அதிர்வின் விசையிலேயே காலித் தோட்டா வெளியே போய் அடுத்த தோட்டா தானாக வந்து உட்காரும். உருளை இல்லாததால் துப்பாக்கி தட்டையாகிவிட்டது. கோட்டுப் பையில் போட்டால் வெளியே துருத்தாது.

பெரிய குண்டா, சின்ன குண்டா? அன்றைய விவாதம்

துப்பாக்கி விஷயத்தில் காலிபர் என்ற வார்த்தையை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். குழாயின் உள் விட்டம், அதாவது குண்டு எவ்வளவு பருமன் என்பதுதான் அது. பாயிண்ட் 32 என்றால் ஒரு அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு. மில்லிமீட்டரில் 7.65 என்று குறிப்பார்கள்.

அன்றைக்கு இதில் இரண்டு கட்சி இருந்தது.

ஆங்கிலேய ராணுவம் பெரிய குண்டுக் கட்சி. காலனி நாடுகளில் நடந்த சண்டைகளில், ஓடி வருபவரை சின்ன குண்டு தடுத்து நிறுத்தாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் அதிகாரிகள் இடுப்பில் பாயிண்ட் 455 வெப்லி ரிவால்வர். ஒரு குண்டு மட்டுமே சுமார் 17 கிராம். துப்பாக்கி எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. பெல்ட்டில் உறை போட்டு, எல்லோரும் பார்க்கும்படி மாட்டிக்கொள்பவர்களுக்கு அது சரி. ஒளித்து வைக்க ஆகாது.

பிரௌனிங்கின் ஆரம்பகாலச் சின்னத் துப்பாக்கிகள் இதற்கு நேர் எதிர். 1900ல் வந்த மாடல் பாயிண்ட் 32. நீளம் சுமார் 17 சென்டிமீட்டர், எடை சுமார் 625 கிராம், மேகசினில் 7 தோட்டா. குண்டின் எடை 5 கிராமைக்கூடத் தொடாது. 1906ல் இன்னும் சின்னதா, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, பாயிண்ட் 25 மாடலும் வந்தது. எடை நன்றாகக் குறைந்தது. குண்டின் வேகமும் பலமும் கூடவே குறைந்தது.

சின்னதாக இருந்தால் ஒளிக்கலாம், உதைப்பு குறைவு, அதிகம் பழகாதவர்களும் பிடிக்கலாம். ஆனால் தூரம் போனால் குறியும் போகும், பலமும் போகும். ரொம்ப கிட்டத்தில் போனால்தான் உண்டு. அதாவது, சுடுபவர் தப்பிக்கும் வாய்ப்பும் அதே அளவுக்குக் குறைகிறது. கம்பார்ட்மென்ட் உள்ளேயே ஏறிச் சுட வேண்டிய நிலை வாஞ்சிக்கு ஏன் வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வகைத் துப்பாக்கி உலக வரலாற்றையே புரட்டியது அடுத்த 3 வருஷத்தில். 1914 ஜூன் 28ஆம் தேதி சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டை காவ்ரிலோ பிரின்சிப் சுட்டதும் அதே எஃப்.என். தொழிற்சாலையின் பிரௌனிங்தான், 1910 மாடல், பாயிண்ட் 380. அதுவும் கிட்டத்திலிருந்துதான். முதல் உலகப் போர் அதிலிருந்து தொடங்கியது.

ஆக, வாஞ்சி இதைத் தேர்ந்தெடுத்தாரா என்று கேட்டால், அவருக்குத் தேர்வு என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. எது பெட்டியின் அடியில் ஒளிந்து கடல் தாண்டி வர முடியுமோ, அதுதான் இந்தியப் புரட்சியாளர்கள் கைக்கு வந்தது. பெரிசா கிடைத்தபோது அதையும் விடவில்லை. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் துப்பாக்கிகளையும் சுமார் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் மடக்கினார்கள். தென்னாட்டுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரவே இல்லை.

காட்டிலாகா ஊழியர் சுடக் கற்ற கதை

தஞ்சாவூர்ப் பக்கத்து நீலகண்ட பிரம்மச்சாரி தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி என்று சுற்றி ஆள் சேர்த்தார். பாரத மாதா சங்கம் என்ற ரகசிய அமைப்பு உருவானது. வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ண ஐயர் வழியாக வாஞ்சியும் உள்ளே வந்தார்.

1911 தொடக்கத்தில் வாஞ்சி லீவு போட்டுவிட்டு புதுச்சேரி போனார். ஐயரைச் சந்தித்தார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரடிக்குப்பத்தில் துப்பாக்கிப் பயிற்சி. சில மாதங்கள், அவ்வளவுதான்.

இதில் நீலகண்டருக்கு முழு உடன்பாடு இருக்கவில்லை. தனி நபரைக் கொல்வதைவிட, ஆள் திரட்டி பெரிய அளவில் எழுச்சி நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 1911 ஜூன் 22ஆம் தேதி லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. அதற்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வாஞ்சி வந்திருந்தார்.

ஜூன் 17, மணியாச்சி

அன்று சனிக்கிழமை. கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க ஆஷும் மனைவி மேரியும் காலை 9.30க்கு திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். முதல் வகுப்பு. இன்றைக்கு மாதிரி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா விருதுநகர் போகும் பாதை அப்போது கிடையாது. அது வந்தது 1927ல்தான். வடக்கே போகிறவர்கள் மணியாச்சி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே தூத்துக்குடியிலிருந்து வரும் சிலோன் போட் மெயிலுக்காக ரயில் சில நிமிஷம் நிற்கும்.

அந்தச் சில நிமிஷம்தான்.

காலை 10.40 வாக்கில் வாஞ்சியும், கூட ஒருவரும் அந்தப் பெட்டியை நெருங்கினார்கள். வாஞ்சி ஏறினார். ஆஷ் தன் தொப்பியைக் கழற்றி அவர் மேல் எறிந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. மிகக் கிட்டத்தில் சுட்ட குண்டு மார்பில் பாய்ந்தது. திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியிலேயே ஆஷ் இறந்துபோனார்.

வாஞ்சி பிளாட்பாரத்தில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். கூட வந்ததாகச் சொல்லப்பட்ட ஒட்டப்பிடாரம் மாடசாமி தப்பி ஓடினார். கடைசி வரை சிக்கவே இல்லை.

சட்டைப் பையில் இருந்த கடிதம்

வாஞ்சியின் பையில் தமிழில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. முடிசூடும் மன்னரைக் கொல்ல 3,000 பேர் சபதம் எடுத்திருப்பதாகவும், அதை உணர்த்தவே தான் இதைச் செய்ததாகவும் அதில் இருந்தது. நாட்டுப்பற்றோடு சேர்ந்து சனாதன தர்மத்தைக் காப்பது பற்றியும், மன்னரை மத ரீதியாக இழிவுபடுத்தியும் வரிகள் இருந்தன.

இன்று வரை விவாதம் இந்தக் கடிதத்தில்தான் நிற்கிறது. வ.உ.சி.க்கு நேர்ந்த கொடுமைக்குப் பழி வாங்கிய தியாகி என்று ஒரு தரப்பு. சாதி, மத ஆச்சாரத்தைக் காக்க நினைத்தவர் என்று இன்னொரு தரப்பு. கடிதத்தைப் படித்தால் இரண்டுக்கும் அதில் இடம் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால் வாஞ்சி யார் என்பது முழுசா புரியாது.

பிறகு என்ன ஆனது?

போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. விசாரணை நெருங்கியதும் சங்கத்தைச் சேர்ந்த இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் 14 பேர் மீது வழக்கு. தலைமை நீதிபதி அர்னால்ட் ஒயிட், நீதிபதிகள் எய்லிங், சங்கரன் நாயர் அமர்ந்த சிறப்பு அமர்வு. 1912ல் தீர்ப்பு. நீலகண்டருக்கு 7 வருஷம், சங்கரகிருஷ்ணனுக்கு 4 வருஷம், வேறு சிலருக்கு குறைந்த தண்டனை. கொலைத் திட்டத்தில் உடன்படாதவருக்கே அதிகத் தண்டனை கிடைத்தது இந்த வழக்கின் விசித்திரம். நீலகண்டர் பிற்காலத்தில் துறவியாகி, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் வாழ்ந்தார்.

புதுச்சேரியில் பாரதியார் மீதும் ஐயர் மீதும் கண்காணிப்பு இறுகியது. 3,000 பேர் எங்கேயும் எழவில்லை. தென் மாவட்டங்களில் ஆயுதப் பாதை அத்தோடு அடங்கிப்போனது. வ.உ.சி. 1912 இறுதியில் ஜெயிலை விட்டு வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கூட்டமும் இல்லை. சின்ன வயதிலேயே கணவரை இழந்த பொன்னம்மாளுக்கு வரலாற்றில் கிடைத்தது ஓரிரு வரிகள்தான்.

ஐயர் 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து உயிரிழந்தார். ஜான் பிரௌனிங் 1926ல் அதே பெல்ஜியத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். தன் துப்பாக்கி மணியாச்சி வரை போன கதை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இன்றைக்கு சட்டம் என்ன சொல்கிறது?

1878 சட்டம் போய், சுதந்திர இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இப்போது எல்லோருக்கும் கட்டாயம். நிறம் பார்த்து விலக்கு கிடையாது. 2019 திருத்தப்படி ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்க முடியும். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது நமக்குப் பழகிய செய்தி.

ஆச்சரியம் என்னன்னா, லைசென்ஸ் உள்ள சாதாரணக் குடிமகன் வாங்க அனுமதி உள்ள கைத்துப்பாக்கி அளவுகளில் ஒன்று இன்றைக்கும் பாயிண்ட் 32. அரசு ஆயுதத் தொழிற்சாலை தயாரிக்கும் அஷானி பிஸ்டலில் போடுவது, 1899ல் பிரௌனிங் வடிவமைத்த அதே தோட்டா ரகம்தான்.

ஆஷுக்கு தூத்துக்குடியில் நினைவு மண்டபம் இருக்கிறது, கல்லறை பாளையங்கோட்டையில். செங்கோட்டையில் வாஞ்சிக்கு சிலை. ரயில் நின்ற அந்த ஸ்டேஷனின் பெயர்ப் பலகையில் இப்போது இருப்பது, வாஞ்சி மணியாச்சி.